டெகு வந்த வீடு: செல்லப்பிராணிக் கேள்வி பதில்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பூனையும் நாயும்தான் நிறைந்திருக்கும். இந்த முறை ஆசிரியர் அனுப்பிய கட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் டெகு! லண்டனில் சின்னப் பிராணிகள் பார்க்கும் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிற எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஹாம்ஸ்டர் இரவில்தான் விழித்திருக்கும், பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். டெகு பகலில் ஓடியாடும், ஆளைக் கண்டால் கம்பியருகே வந்து நிற்கும், விதவிதமாகச் சத்தம் போடும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆனால் நன்றாகக் கவனித்தால் அது ஐந்து முதல் எட்டு வருடம், சிலது அதற்கு மேலும் இருக்கும். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனதும் கூடு, வேண்டாத பிராணிகளை ஏற்றுக்கொள்ளும் மீட்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. உங்களில் பலர் அங்கிருந்துதான் எடுத்து வந்திருக்கிறீர்கள். நல்ல காரியம்.

பார்த்திராதவர்களுக்கு மட்டும்: டெகு எலி மாதிரி ஒரு கொறிக்கும் பிராணி. நடுச் சிலிதான் ஊர், வேறு எந்த நாட்டிலும் காட்டில் கிடையாது. கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் சொந்தம். எடை 170 முதல் 300 கிராம், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். 1782ல் இதை முதலில் எழுத்தில் விவரித்தவர் சிலி நாட்டுப் பாதிரியார் ஹுவான் இக்னாசியோ மொலினா. அவர் இதை அணில் வகையில் சேர்த்துவிட்டார். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

கேள்வி: மகளின் கரைச்சல் தாங்காமல் மீட்பு நிலையத்திலிருந்து இரண்டு பெண் டெகுக்களை எடுத்து வந்தோம். பழம், இனிப்பு கொடுக்கவே கூடாது என்று அவர்கள் தந்த தாளில் இருக்கிறது. என் அம்மாவோ, ‘பாவம், வாயில்லாச் சீவன், காய்ந்த புல்லைத் தின்று எப்படி இருக்கும்’ என்று எங்களுக்குத் தெரியாமல் திராட்சையும் பிஸ்கட்டும் கொடுக்கிறார். அவையும் ஆசையாகத் தின்கின்றன. ஆசையாகத் தின்றால் கெடுதலா? அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?
— வாசகி, ஹாரோ

பதில்: அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அம்மா, இதுகள் சீனி வருத்தம் வரக்கூடிய உடம்போடுதான் பிறக்கின்றன.’ எங்கள் ஆட்களில் சீனி வருத்த மாத்திரை இல்லாத வீடு குறைவு. மற்ற விளக்கம் எதுவும் வேண்டியிருக்காது.

ஆனாலும் உங்களுக்கு விளக்கம் தருகிறேன். பெரும்பாலான பாலூட்டிகளின் இன்சுலின் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. அதனால்தான் ஒரு காலத்தில் பன்றி, மாட்டு இன்சுலினை மனிதருக்கு ஊசியாகப் போட முடிந்தது. டெகுவின் இன்சுலின் அந்த வரிசையிலிருந்து விலகியது, வேலை செய்யும் வலுவும் குறைவு. சிலியின் மலைச் சரிவில் இதனால் ஒரு குறையும் இல்லை. அங்கே கோடை நீளம், மழை குறைவு. புல், செடிகளின் இலை, பட்டை, விதை, இவ்வளவுதான் சாப்பாடு. திராட்சை மாதிரி இனிப்பு அங்கே அதற்குக் கிடைப்பது அரிது. அந்த உடம்பைக் கொண்டு வந்து ஹாரோவில் வைத்துப் பிஸ்கட் கொடுத்தால் என்ன நடக்கும்? இரத்தத்தில் சீனி ஏறும், இறங்க வழி தெரியாது.

முதலில் கண் போகும். டெகுவின் கண் வில்லையில், சீனியை வேறொரு பொருளாக மாற்றிவிடும் ஒரு நொதி மிக அதிகம். அந்தப் பொருள் வில்லைக்குள் தேங்கித் தண்ணீரை இழுக்க, வில்லை வெளுத்துவிடும். மனிதருக்குச் சீனி வருத்தத்தால் கண்புரை வர வருடக்கணக்காகும். டெகுவுக்குச் சில வாரங்கள் போதும். எங்கள் கிளினிக்குக்கு ஒரு டெகுவைக் கொண்டு வந்தார்கள். ‘கொஞ்ச நாளாகக் கண் வெள்ளி மாதிரி மின்னுது, வடிவாக இருக்கு’ என்றார் அந்த வீட்டு அம்மா. மேசையில் விட்டோம். கறுத்துப் பளபளவென்று இருக்க வேண்டிய இரண்டு கண்ணிலும் பால் வெள்ளை. மீசையால் தடவித் தடவி மேசை விளிம்பு வரை வந்து, ஒரு முன்காலை வெளியே நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. தினமும் படுக்கப் போகுமுன் ஒரு காய்ந்த திராட்சை, அதுதான் அந்த வீட்டு வழக்கம். ஒன்றே ஒன்று!

ஆசையாகத் தின்பது சாட்சி ஆகாது. காட்டில் இனிப்பு அருமை என்பதால் கண்ட இடத்தில் தின்னச் சொல்லும் நாக்கு அது. என்னிடம் லட்டுப் பெட்டியைத் தந்தால் நானும் அப்படித்தான்.

இனி என்ன கொடுப்பது. இரவும் பகலும் கூட்டில் குறையாமல் இருக்க வேண்டியது உலர்ந்த புல். கடையில் ‘டிமோதி ஹே’ அல்லது ‘மெடோ ஹே’ என்று கேளுங்கள். வைக்கோல் வாங்கிவிடாதீர்கள், அது கதிர் அறுத்த தட்டை, சத்து இல்லை, படுக்கைக்கு மட்டும்தான் சரி. இந்தப் புல் வயிற்றுக்கு மட்டும் அல்ல. டெகுவின் முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் கடைவாய்ப்பல் தேயும். தேயாவிட்டால் பல் நாக்கிலும் கன்னத்திலும் குத்தி, பசியோடேயே சாப்பிடாமல் கிடக்கும்.

புல்லுக்கு மேலே, டெகுவுக்கென்றே விற்கும் பெலட் தீவனம் ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 10 கிராம் போதும். பைக்கட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மொலாசஸ், தேன், பழத்துண்டு என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பல நிறத்தில் கலந்து வரும் மியூஸ்லி வகையும் வேண்டாம், பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும். செல்லப்பிராணிக் கடையில் தேன் தடவிய விதைக் குச்சி தொங்கும். அதன் உறையில் டெகுவின் படமே போட்டிருந்தாலும் வாங்காதீர்கள். பச்சையில் டான்டிலயன் இலை, கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு புரோக்கோலி எல்லாம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது விரல் நுனி அளவு, அடுத்த நாள் எச்சம் இளகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மேலே. கரட் இனிப்பு, எப்போதாவது ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான்.

அம்மாவின் கை சும்மா இராது, எனக்குத் தெரியும். அதற்கு வேலை கொடுங்கள். டாய்லெட் பேப்பர் முடிந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயில் புல்லை அடைத்து இரண்டு பக்கமும் மடித்துவிட்டால், பிரித்துத் தின்ன அரை மணி நேரம் போராடும். உள்ளே வாரத்துக்கு ஒரு முறை உப்பில்லாத ஒரு கச்சான் (நிலக்கடலை), தோலோடு. இந்த டெகுப் பேத்திகள் வந்து கேட்டால் அது அம்மம்மா கொடுக்கிற பரிசு. அதற்கு மேல் கிடையாது.

ஏற்கெனவே தின்றதை நினைத்துப் பயப்பட வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். தண்ணீர்ப் போத்தல் வழக்கத்தை விடக் கெதியாகக் காலியானால், படுக்கை அதிகம் நனைந்தால், கண்ணில் மூட்டம் தெரிந்தால் மிருக வைத்தியரிடம் போய்விடுங்கள். போகுமுன் தொலைபேசியில் ‘டெகு பார்ப்பீர்களா’ என்று கேளுங்கள். பூனை, நாய் மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். வருத்தம் வந்த பிறகு தேடுவதை விட இந்த வாரமே விசாரித்து வைப்பது நல்லது.

கேள்வி: நான் மாணவன். நாடு மாறிப் போன ஒரு நண்பன் தன் ஒற்றை டெகுவை என்னிடம் தந்துவிட்டான். தினமும் இரண்டு மணி நேரம் விளையாடுகிறேன். இரண்டாவது அவசியமா?
— வாசகர், சூரிச்

பதில்: அவசியம், தம்பி. மிச்ச இருபத்திரண்டு மணி நேரம் அது யாரோடு கதைக்கும்? டெகு காட்டில் கூட்டமாக வளை தோண்டி வாழும். பெண்கள் ஒரே வளையில் குட்டி போட்டு ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். ஒன்று அபாயக் குரல் கொடுத்தால் எல்லாம் ஓடி ஒளியும். உங்கள் கூட்டில் தனியாக இருப்பதற்கு எல்லா நேரமும் தானே காவல். அதனால்தான் ஒற்றை டெகு கம்பியை ஓயாமல் கடிக்கும், தன் மயிரைத் தானே பிடுங்கும். தவிர நீங்கள் இருப்பது சுவிஸில். கூடி வாழும் இனத்துப் பிராணிக்குத் தன் இனத் துணை வேண்டும் என்பது அங்கே 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதியிலேயே உண்டு.

ஆனால் இன்றைக்கே ஒன்றை வாங்கி வந்து உள்ளே விட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாத டெகுவை எதிரியாகத்தான் பார்க்கும், கடி ஆழமாக விழும். ஒரே பாலில் ஒன்று தேடுங்கள். உங்களுடையது ஆண் என்றால் மீட்பு நிலையத்தில் கேட்டு, அதை ஆண்மை நீக்கிய பிறகு பெண்ணோடு சேர்க்கலாம், ஆனால் அறுவைக்குப் பின் சில வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு கூட்டையும் பல் எட்டாத இடைவெளியில் பக்கத்தில் வையுங்கள். டெகு மணலில் புரண்டுதான் குளிக்கும், அதிலேயே மூத்திரமும் பெய்யும். ஒன்று குளித்த மணலை மற்றதுக்குக் கொடுங்கள். இதுதான் முக்கியம்; அவற்றின் அறிமுகமே மூத்திர வாடையில்தான். டெகுவின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும், புது மூத்திரம் அந்த ஒளியில் தனியாகத் தெரியும். நாம் நாற்றம் என்று துடைப்பது அதற்குப் பெயர்ப் பலகை. கொஞ்ச நாளில் கம்பிக்கு இருபுறமும் பக்கம் பக்கமாகப் படுக்கத் தொடங்கினால், இரண்டுக்கும் புதிதான இடத்தில், குளியலறைத் தரை நல்லது, கொஞ்ச நேரம் சேர்த்து விடுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாலை ஆட்டுவதும் இடுப்பால் இடிப்பதும் ஏறிக்கொள்வதும் யார் பெரியவர் என்ற பேச்சுவார்த்தை, விட்டுவிடலாம். உருண்டையாகப் பின்னிக்கொண்டு சுழன்றால் உடனே பிரியுங்கள். சிலதுக்கு ஒரு வாரம், சிலதுக்கு மாதக்கணக்கு.

கேள்வி: மகன் துரத்திப் பிடிக்கப் போய் வாலைப் பற்றிவிட்டான். தோல் உறை மாதிரிக் கழன்று அவன் கையில் வந்துவிட்டது! எலும்பு தெரிகிறது. மகன் அழுது முடியவில்லை. ஒட்ட வைக்கலாமா?
— வாசகி, ஸ்கார்பரோ

பதில்: ஒட்டாது, மறுபடி வளரவும் வளராது. ஆனால் பிள்ளையிடம் சொல்லுங்கள், டெகு செத்துப்போகாது. சிலியில் நரி, ஆந்தை, பருந்து எல்லாவற்றுக்கும் டெகு இரை. வாலில் பிடி விழுந்தால் தோலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உயிரோடு ஓடுவதற்கான ஏற்பாடு இது. வெளியே தெரியும் எலும்பு சில நாளில் காய்ந்து விழும், அல்லது டெகுவே கடித்து எடுத்துவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அதுதான் வழமை. நீங்கள் கட்டுப் போடாதீர்கள், களிம்பு பூசாதீர்கள். மரத்தூளை எடுத்துவிட்டுச் சுத்தமான துணி விரியுங்கள். காயம் ஆறும் வரை மணல் குளியல் வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டால், அடிவால் வீங்கினால், நாற்றம் வந்தால் வைத்தியரிடம் போங்கள்; வலி மருந்துக்காக எப்படியும் ஒரு முறை காட்டுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மகனுக்கு ஒரு பாடம்: மேலிருந்து வரும் கை பருந்து. கையைக் கூட்டின் தரையில் மல்லாக்க வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள். முதல் நாள் முகர்ந்துவிட்டு ஓடும், பிறகு விரலை மெதுவாகக் கொறித்துப் பார்க்கும், ஒரு நாள் தானாக உள்ளங்கையில் ஏறும். ஏறிய பின் இரண்டு கையாலும் அடியிலிருந்து தாங்க வேண்டும்.

கேள்வி: இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இன்று காலை கூட்டில் ஆறு குட்டிகள்! இப்போது என்ன செய்வது?
— வாசகி, லா கூர்நேவ்

பதில்: இந்தக் கடிதத்துக்கு ஆசிரியர் மூலம் அன்றே பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. மற்ற டெகு ஆண் என்றால் முதல் வேலை அதை வேறு கூட்டுக்கு மாற்றுவது. பெற்ற உடனேயே தாய் மறுபடி சினைப்படும்.

ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சொல்வது கடைகளிலும் அடிக்கடி நடக்கிறது. காரணம், பெண்ணுக்கும் மூத்திரம் போகும் இடத்தில் ஒரு சின்னக் கூம்பு உண்டு. அதைப் பார்த்து ஆண் என்பார்கள், ஆணைப் பார்த்துப் பெண் என்பார்கள். கூம்பைப் பார்க்காதீர்கள், கூம்புக்கும் மலவாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு இரண்டும் ஒட்டினாற்போல இருக்கும், ஆணுக்கு நடுவே தெளிவான இடைவெளி. இரண்டும் பெண்ணாகவே இருந்தாலும் குழம்ப வேண்டாம். டெகுவின் கர்ப்பம் சுமார் 90 நாள். உங்கள் வீட்டுக்கு வரும்போதே வயிற்றில் இருந்திருக்கும்.

குட்டிகள் மயிரோடும் பல்லோடும் பிறக்கும், கண் அன்றோ மறுநாளோ திறந்துவிடும். நீங்கள் கையில் எடுத்துப் பால் புகட்டத் தேவையில்லை. ஓடி விளையாடும் சில்லை (சக்கரத்தை) எடுத்துவிடுங்கள், மேல் தட்டுகளை மூடுங்கள், கம்பி இடைவெளியில் குட்டி நழுவுமா என்று பாருங்கள். ஆறு வாரம் ஆனதும் ஆண் குட்டிகளைப் பிரிக்க வேண்டும். விட்டால் தாயோடும் தங்கச்சிகளோடும் சேர்ந்துவிடும்.

கேள்வி: பழைய முயல் கூடு ஒன்று இருக்கிறது, பிளாஸ்டிக் அடி. ஹாம்ஸ்டரின் சில்லும் உண்டு. போதாதா?
— வாசகர், டோர்ட்மண்ட்

பதில்: போதாது. பிளாஸ்டிக் அடியை ஒரு வாரத்தில் ஓட்டை போட்டு வெளியே வந்து உங்கள் சார்ஜர் வயரைக் கடிக்கும். உலோகமும் கண்ணாடியும்தான் நிற்கும். இரண்டு டெகுவுக்கு ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் உயரம் என்று தொடங்குங்கள். தோண்ட அடியில் ஆழமாகப் படுக்கை வேண்டும். தரை கம்பி வலையாக இருந்தால் மரப்பலகை போடுங்கள், இல்லையேல் உள்ளங்கால் புண்ணாகும். சில்லு 30 சென்டிமீட்டர் விட்டம், ஓடும் பக்கம் இடைவெளியே இல்லாமல். ஹாம்ஸ்டர் சில்லில் முதுகு வளையும், கம்பிக் குறுக்குச் சட்டத்தில் கால் மாட்டும்.

கூட்டை ஹீட்டர் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்காதீர்கள். 25 பாகைக்கு மேலே போனால் டெகு தவிக்கும். கோடையில் சமையலறையில் பதிக்கும் டைல் ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கூட்டில் போடுங்கள், அதன் மேல் தட்டையாகக் கிடக்கும். அப்புறம், கதவுக்குக் கொளுக்கி மட்டும் போதாது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் டெகுக்களுக்குச் சின்ன வாரியை (இழுத்து வாரும் கோலை)ப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்து, எட்டாத விதையை இழுத்துத் தின்ன வைத்தார்கள். 2008ல் அந்த ஆய்வு வெளிவந்தது. உங்கள் கொளுக்கி அதற்கு ஒரு விளையாட்டு.

சின்னக் கேள்விகள்

*பல் மஞ்சளாக, செம்மஞ்சளாக இருக்கிறது. துலக்க வேண்டுமா?* வேண்டாம், வளர்ந்த டெகுவுக்கு அதுதான் ஆரோக்கிய நிறம். வெளுத்தால்தான் வைத்தியரிடம் போக வேண்டும்.

*ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டலாமா?* தண்ணீரே கூடாது. சின்சில்லாவுக்கு விற்கும் மணலை ஒரு கனமான பாத்திரத்தில் வாரத்தில் சில நாள் வையுங்கள், புரண்டு எழும்பும். அரை மணியில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கக்கூஸாக்கிவிடும். கடற்கரை மணல் வேண்டாம்.

*தன் எச்சத்தைத் தானே தின்கிறது, சத்துக் குறைவா?* இல்லை. முதல் சுற்றில் எடுக்க முடியாத சத்தை இரண்டாம் சுற்றில் எடுக்கிறது, பெரும்பாலும் இரவில். விருந்தாளிகள் வரும் நேரம் மட்டும் கூட்டை அடுத்த அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

*வேலை மாறிக் கலிபோர்னியா போகிறோம். டெகுவை விமானத்தில் கொண்டு போக என்ன ஆவணம் வேண்டும்?* எந்த ஆவணமும் உதவாது. கலிபோர்னியாவில் டெகு வளர்க்கச் சட்டப்படி தடை. ஜெர்பிலுக்கும் ஃபெரட்டுக்கும் அப்படித்தான். அந்த மாநிலத்தின் தட்பவெப்பம் நடுச் சிலியைப் போன்றதுதான், தப்பி ஓடினால் பெருகிவிடும் என்ற பயம். சோடியாக இருந்தால் சோடியாகவே எடுத்துக்கொள்ளும் வீட்டை இப்போதே தேடத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் மீட்பு நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், பல இடங்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. கூட்டையும் சில்லையும் பழைய மணலையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். மணலைக் கழுவ வேண்டாம்.